சைக்கிளுக்கும் வழி காட்டு!

காலை எட்டு மணிக்கு, தேவதானப்பட்டி அருகே நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, கம்பம், குமுளி வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. லாரிகளும் பஸ்களும், கொடைக்கானலுக்கு உல்லாசப் பயணம் போகும் கார்களும் இரைந்துகொண்டு பறக்கின்றன. ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண் சரிவில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கடந்து போக ஓர் இடைவெளி கிடைக்காதா என்று காத்து நிற்கிறார்கள் சைக்கிள்காரர்கள். முதுகில் புத்தகப் பையுடன் பள்ளி மாணவிகள். கேரியரில் மண்வெட்டியும் தூக்குச் சட்டியும் கட்டிய விவசாயத் தொழிலாளிகள். இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்ட பால்காரர். மாந்தோப்புக் காவலுக்குப் போய்த் திரும்பும் முதியவர்.

இவர்களுக்கு யார் வழி காட்டுகிறார்கள்?

சென்ற மாதம் சங்க வேலையாக ஜெயமங்கலம் பக்கத்தில் உள்ள ஒரு குடியிருப்புக்கு நானும் ஒரு வாலிபத் தோழரும் சைக்கிளில் புறப்பட்டோம். இருவருமே அந்தக் குடியிருப்புக்கு முன்னால் போனதில்லை. தோழர் செல்போனை எடுத்து, அதில் உள்ள வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினார். கார் போகும் வழி எது, மோட்டார் சைக்கிள் போகும் வழி எது என்று அது சளைக்காமல் சொல்லிற்று. இரண்டு வழிகளும் எங்களை நெடுஞ்சாலைக்கே கொண்டுபோய் விட்டன. லாரிகள் கிளப்பிய காற்றில் இரண்டு முறை சைக்கிளோடு மண்ணில் இறங்கினோம். அப்போது களையெடுத்துவிட்டுக் கரையேறி வந்த ஓர் அம்மாள், “ஏப்பா, இந்தப் பேய் ரோட்டுல ஏன் சாகப் போறீக? வாய்க்காக் கரையப் பிடிச்சுப் போனா நேரா ஊருக்குள்ள விட்டுருமே!” என்று கை காட்டினார். போனோம். தென்னை நிழலில், ஒரு லாரியைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தோம்.

அந்த அம்மாளுக்குத் தெரிந்த வழி, கோடானுகோடி மூலதனம் போட்டு நடத்தப்படும் ஒரு கம்பெனியின் படத்துக்குத் தெரியவில்லை. ஏன்? விஞ்ஞானம் போதவில்லையா? இல்லை. விஞ்ஞானம் போதுமான அளவுக்கு வளர்ந்திருக்கிறது. வழி யாருக்காகக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. பார்வைக்கு இது சிறிய விஷயம். உள்ளே இருப்பது வர்க்கப் பிரச்னை. அதனால்தான் இதைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது.

சைக்கிள் யாருடையது?

“இந்தக் காலத்தில் சைக்கிளில் யாரய்யா போகிறார்கள்?” என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்காரின் கணக்கே பதில் சொல்லட்டும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக மற்றத் தொழில்களில் உள்ளவர்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்று கேட்டு எழுதினார்கள். நூற்றில் சுமார் 13 பேர் சைக்கிளில் போவதாகச் சொன்னார்கள். காரில் போனவர்கள் நூற்றில் மூவர்கூட இல்லை! 2021-இல் எடுத்திருக்கவேண்டிய அடுத்த கணக்கெடுப்பை மத்திய சர்க்கார் உரிய காலத்தில் எடுக்காமல் தள்ளிப்போட்டது. ஆயினும் 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, நாட்டில் சுமார் பாதிக் குடும்பங்களிடம் சைக்கிள் இருக்கிறது என்று கூறுகிறது. கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றில் எட்டைக்கூட எட்டவில்லை.

உண்மை, இன்று தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிய தொழிலாளிகள் பலர். ஆனால் பெட்ரோல் லிட்டர் சுமார் நூறு ரூபாய் விற்கையில், கூலியில் ஒரு பகுதியைத் தினமும் டாங்கியில் ஊற்ற எத்தனை பேரால் முடியும்? தவணை கட்ட முடியாதவன், வயது வராத பள்ளிப் பிள்ளை, லைசென்ஸ் எடுக்க வழியில்லாத பெண், இவர்களுக்கெல்லாம் சைக்கிள்தான் வாகனம்.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. 1991-ஆம் ஆண்டை ஒட்டி புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தறிவோடு சைக்கிளும் பரவியது. கல்லுடைக்கும் பெண்களும், விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கேலி செய்தவர்களைப் பொருட்படுத்தாமல் தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். புருஷனின் தயவையும் பஸ்ஸின் நேரத்தையும் எதிர்பார்க்காமல் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்ற எண்ணமே அவர்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. பின்னர் 2001-ஐ ஒட்டி தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம், 2005-06-இலிருந்து அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

நல்லது. சைக்கிளைக் கொடுத்தார்கள். ஓட்டுவதற்கு வழியைக் கொடுத்தார்களா? மத்தியப் போக்குவரத்து இலாகாவின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்திய ரோடுகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். சைக்கிளில் சென்றவர்கள் 4,800-க்கும் மேல். ரோட்டை அதிகம் தேய்க்காதவன், புகை விடாதவன், யாரையும் இடித்துக் கொல்லாதவன் சாகிறான். இந்தச் சாவுகளுக்கு ‘விபத்து’ என்று பெயர் வைத்துவிட்டு, சம்பந்தப்பட்டவர்கள் கை கழுவிக்கொள்கிறார்கள்.

கணக்கு ஒன்றுதான், விலை வேறு

செல்போன் எப்படி வழி கண்டுபிடிக்கிறது? இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு புள்ளி. இரண்டு சந்திப்புகளுக்கு இடையே உள்ள ரோடு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விலை குறிக்கப்படுகிறது. புறப்பட்ட இடத்திலிருந்து சேரவேண்டிய இடம் வரை மொத்த விலை எந்த வழியில் மிகக் குறைவோ, அந்த வழியை யந்திரம் பொறுக்கி எடுக்கிறது. இந்தக் கணக்கைச் செய்யும் முறையை டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1959-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். இன்றைய படங்கள் அந்த முறையைப் பலவாறு செப்பனிட்டுப் பயன்படுத்துகின்றன.

ஆகவே கணக்கு பொதுவானது. விலையை நிர்ணயிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. காருக்கு விலை என்பது நேரம். எந்த ரோடு அகலமோ, எதில் வேகமாகப் போகலாமோ அதற்கு விலை குறைவு. எனவே யந்திரம் காரை நெடுஞ்சாலைக்கு அனுப்புகிறது. காருக்கு அது சரிதான்.

சைக்கிளுக்கு விலையே வேறு. மேடு ஏறினால் நெஞ்சு வலிக்கிறது. அது ஒரு விலை. ஜல்லி பெயர்ந்த ரோட்டில் டயர் கிழிகிறது. அது ஒரு விலை. லாரி உரசிக்கொண்டு போகிறது. அது எல்லாவற்றிலும் பெரிய விலை. மாறாக, நிழலும் சமதளமும் இருந்தால் இரண்டு பர்லாங்கு சுற்றிப் போனாலும் சைக்கிள்காரனுக்கு லாபமே. காட்ரோட்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதை காருக்குச் சில மணி நேர இன்பம். சுமை கட்டிய சைக்கிளுக்கோ அது எட்டாத சுவர். சமவெளியில் கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி, சில்வார்பட்டி, மேல்மங்கலம், வடுகபட்டி என்று ஊருக்கு ஊர் போகிறவனுக்கு, கண்மாய்க் கரையும் வாய்க்கால் கரையும் வண்டிப்பாதையும் கால் நோகாத வழிகள்.

நெடுஞ்சாலைக்கு மலிவு விலையும் வண்டிப்பாதைக்கு எட்டாத விலையும் போட்டுக் கணக்குச் செய்தால், யந்திரம் ஏழையை லாரிக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தும். யந்திரத்தின் மேல் குற்றமில்லை. விலைப் பட்டியலை எழுதியவன் யாரோ அவன் கண்ணால்தான் யந்திரம் உலகத்தைப் பார்க்கிறது. அதிலும் வண்டிப்பாதை படத்திலேயே இல்லையென்றால், அப்படி ஒரு வழி உலகத்தில் இருப்பதாகவே யந்திரம் அறியாது.

படம் யாருக்காக வரையப்பட்டது?

இது இன்று தொடங்கிய கதை அல்ல. இந்திய நில அளவை இலாகாவை 1767-இல் ஏற்படுத்தியது கிழக்கிந்தியக் கம்பெனி. பட்டாளம் போகவும், வரி வசூலிக்கவும், பிடித்த நாட்டைக் கணக்கில் வைக்கவும் அதற்குப் படம் தேவைப்பட்டது. 1802-இல் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கிய மாபெரும் அளவை, பின்னர் இமயம் வரை சென்றது. அந்த விஞ்ஞானச் சாதனையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சங்கிலியைச் சுமந்தவனும், காட்டில் காய்ச்சல் கண்டு செத்தவனும் நம் கூலிக்காரன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டவன் வெள்ளைக்காரன். இது சரித்திரம்.

அன்று கம்பெனி வரைந்தது. இன்றும் கம்பெனிகள் வரைகின்றன. 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி மத்திய விஞ்ஞான இலாகா புதிய விதிகளை வெளியிட்டது. அதன்படி இந்தியக் கம்பெனிகள் முன் அனுமதி இல்லாமலே படம் தயாரிக்கலாம். பொதுமக்கள் பணத்தில் சேகரித்த நில விவரங்களும் அவர்களுக்கு எளிதாகக் கிடைக்கவேண்டும். நல்லது, பொது விவரம் எல்லோருக்கும் கிடைக்கட்டும். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம்: மக்கள் பணத்தில் சேர்ந்த விவரத்தை எடுத்துக்கொண்டு லாபம் பார்க்கிறவர்கள், அந்த மக்களில் பெரும் பகுதியினர் போகும் வழியைக் காட்டவேண்டும் என்ற கடமையை ஏன் விதிக்கவில்லை?

உலகத்தின் மிகப் பெரிய ஏகபோகங்களில் ஒன்றான கூகுள் கம்பெனி, அமெரிக்காவில் தன் படத்தில் சைக்கிள் வழியைச் சேர்த்தது 2010 மார்ச் மாதத்தில். தானாகவா சேர்த்தது? காருக்கு வழி உண்டு, பஸ்ஸுக்கு உண்டு, எங்களுக்கு எங்கே என்று ஐம்பதாயிரம் பேர் அளவில் கையெழுத்திட்டு மனுக் கொடுத்த பிறகு சேர்த்தது. மேட்டைத் தவிர்ப்பது, நெரிசல் ரோட்டை ஒதுக்குவது எல்லாம் அப்போதே அந்தக் கணக்கில் ஏறிவிட்டன. அதற்கு வேண்டிய பாதை விவரங்களில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது? கைவிடப்பட்ட ரயில் தடங்களைச் சைக்கிள் பாதைகளாக்கப் பாடுபட்ட ஒரு பொதுநல ஸ்தாபனம் திரட்டி வைத்திருந்ததிலிருந்து வந்தது.

அதே கம்பெனி 2017 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே ஒரு புதிய வசதியைக் கொண்டுவந்தது. அது சைக்கிளுக்கு அல்ல, மோட்டார் சைக்கிளுக்கு! இரு சக்கர மோட்டார் வண்டி கோடிக்கணக்கில் விற்கும் நாடு இது. விளம்பரம் பார்க்கும் கண்களும், பொருள் வாங்கும் பைகளும் அங்கே இருக்கின்றன. சைக்கிள்காரனின் பை காலி. முதலாளித்துவத்தில் தேவை என்பது வேறு, காசோடு வருகிற தேவை என்பது வேறு. அமெரிக்கச் சைக்கிள்காரனுக்கு 2010-இல் சாத்தியமானது, தேவதானப்பட்டி மாணவிக்கும் அன்றே சாத்தியம்தான். சாத்தியமில்லாமல் போனது விஞ்ஞானத்தால் அல்ல.

மக்கள் போட்ட படம்

வேறு வழி இல்லையா? இருக்கிறது. அதை மக்களே காட்டியிருக்கிறார்கள்.

2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற பொதுப் படம் எந்த முதலாளிக்கும் சொந்தமானதல்ல. உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள், கூலி வாங்காமல், தங்கள் ஊர் ரோட்டையும் சந்தையும் பாலத்தையும் அதில் வரைந்திருக்கிறார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் விவரங்களைத் திருத்தி வெளியிடுகிறவர்கள் அந்தத் திருத்தத்தையும் பொதுவில் வைக்கவேண்டும் என்பது அதன் விதி. ஒரு பாதை தாரா, மண்ணா, எவ்வளவு அகலம், சைக்கிள் போகுமா என்றெல்லாம் குறிப்பதற்கு அதில் இடம் உண்டு. அதைக் கொண்டு 2007-லேயே சைக்கிளுக்கென்று தனிப் படம் வெளிவந்தது. இந்தப் பொதுப் படத்தைப் பெரிய கம்பெனிகளும் எடுத்துப் பயன்படுத்துகின்றன என்பது உண்மையே. ஆனால் அதைப் பூட்டி வைத்துக்கொள்ள அவர்களால் முடியாது.

ஹாலந்து நாட்டின் அனுபவம் இன்னும் பாடம் புகட்டுவது. 1971-ஆம் ஆண்டில் அந்தச் சின்ன நாட்டின் ரோடுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். தாய்மார்களும் தகப்பன்மார்களும் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற கோஷத்தோடு வீதிக்கு வந்தார்கள். சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் கட்டினார்கள். சைக்கிள் பாதைகளைச் சர்க்கார் பெருமளவில் அமைத்தது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான். பிற்காலத்தில் அதே சைக்கிள் சங்கம், தன் தொண்டர்களைத் தெருத் தெருவாக அனுப்பி விவரம் குறிக்கச் செய்து, வழி காட்டும் படத்தையும் தானே உருவாக்கிற்று. முதலில் பாதைக்குப் போராட்டம், பிறகு படம், இரண்டுக்கும் ஒரே சங்கம். கவனிக்கவேண்டியது இதைத்தான்.

தூரம் போவானேன்? குமுளியைத் தாண்டினால் கேரளம். அங்கே இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 2019-இல் ‘மேப்பத்தான் கேரளம்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, மாணவர்களையும் தொண்டர்களையும் கொண்டு அந்தப் பொதுப் படத்தில் தங்கள் மாநிலத்தை வரையச் செய்தது. மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது இந்தப் பக்கம் நடக்கக்கூடாதா?

வண்டிப்பாதை யார் சொத்து?

இந்த விஷயத்தில் இன்னொரு பெரிய லாபமும் இருக்கிறது. விவசாயத் தொழிலாளிகள் இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

நம் கிராமங்களின் வண்டிப்பாதைகள் கற்பனை அல்ல. ரெவின்யூ இலாகாவின் கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் அவை குறிக்கப்பட்டிருக்கின்றன. வண்டிப்பாதைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு என்று கணக்கில் ஏறியிருக்கின்றன. ஆனால் நேரில் போய்ப் பாருங்கள்! இரண்டு பக்கமும் நிலம் வைத்திருக்கும் பெரும் புள்ளி வரப்பை வருஷத்துக்கு ஒரு முழம் நகர்த்தி நகர்த்திப் பாதையை விழுங்கியிருப்பார். பிளாட் போடும் ரியல் எஸ்டேட்காரர் கம்பி வேலி அடித்து ‘தனியார் இடம்’ என்று பலகை மாட்டியிருப்பார். பாதை போன பிறகு ஏழைகள் என்ன செய்கிறார்கள்? சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகிறார்கள். லாரிக்கு அடியில் விழுகிறார்கள். ஆக்கிரமிப்புக்கும் அந்தச் சாவுக்கும் உள்ள தொடர்பை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புகளில் இந்தக் கொடுமை இரண்டு மடங்கு. வயலுக்கும் பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும் போகும் பாதைக்காக அவர்கள் நடத்தாத போராட்டம் இல்லை. சாதி ஆதிக்கக்காரர்கள் தெருவில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற அவமானத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். ‘மிகக் குறுகிய வழி’ என்று யந்திரம் சொல்வது எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை!

எனவே வண்டிப்பாதையைப் பொதுப் படத்தில் ஏற்றுவது வெறும் வழிகாட்டும் காரியம் அல்ல. பொதுச் சொத்துக்குச் சாட்சி வைக்கும் காரியம். இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடம் வரை மக்கள் போகும் பாதை இருக்கிறது என்று உலகம் பார்க்கும் படத்தில் பதிந்துவிட்டால், நாளை வேலி அடிக்கிறவன் யோசிப்பான். படம் பட்டா ஆகாது, அது வேறு. ஆனால் தாசில்தார் முன்னால் மனுவோடு போய் நிற்கும்போது, புலப்படத்தின் நகலும், பாதையின் இன்றைய படமும் கையில் இருந்தால் நம் வாதத்துக்கு வலு கூடும்.

சில கேள்விகள்

“உள்ளூர்க்காரனுக்கு எதற்கய்யா படம்? அவனுக்குத்தான் வழி தெரியுமே!” என்று சிலர் கேட்கலாம். தன் ஊர் வழி தெரியும். பக்கத்துத் தாலுகாவின் வழி தெரியுமா? வடநாட்டிலிருந்து வயிற்றுப் பிழைப்புக்காக வந்து, கட்டட வேலைக்குச் சைக்கிளில் போகும் தொழிலாளிக்குத் தெரியுமா? பரீட்சை எழுத வேறு ஊர்ப் பள்ளிக்குப் போகும் பெண்ணுக்குத் தெரியுமா? அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எங்கே பாலம் கட்டுவது, எங்கே ரோட்டைக் கடக்க வசதி செய்வது என்று முடிவு செய்யும் இன்ஜினீயர் நம் ஊரைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்வதில்லை; மேஜையில் படத்தை வைத்துக்கொண்டு முடிவு செய்கிறார். 2021 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த ‘கதி சக்தி’ திட்டம் என்ன? ரயில், ரோடு, துறைமுகம், குழாய் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடுக்கித் திட்டமிடுவது. அந்தப் படத்தில் சைக்கிள்காரன் இல்லையென்றால் திட்டத்திலும் அவன் இல்லை.

“ரோடே சரியில்லை, படம் எதற்கு?” என்பது இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்விதான். படத்தில் கோடு போட்டுவிட்டால் லாரி ஒதுங்கிப் போகாது. ஆகவே படம் மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கரையைச் செப்பனிடவேண்டும், எந்த ஓடைக்குச் சிறு பாலம் வேண்டும் என்று கேட்பதற்கே முதலில் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாத கோரிக்கையைச் சர்க்கார் ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொல்லிக் கிடப்பில் போட்டுவிடும்.

மூன்றாவது கேள்வியை ஒரு தாய் கேட்டார்: “கரைப் பாதை பகல்ல சரி. பொழுது சாஞ்சா எம் பொண்ணு எப்படி அதுல வருவா?” இதுதான் எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி. இதற்குக் கம்பெனியின் யந்திரத்திடம் பதில் கிடையாது. எந்தப் பாதையில் விளக்கு உண்டு, எங்கே டாஸ்மாக் கடைக் கூட்டம் நிற்கும், எந்த ஓடையில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் இடுப்பளவு வரும் என்பதெல்லாம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஊரின் அறிவு இல்லாத படம் உயிருக்கு ஆபத்து. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், ராம்கங்கை நதியின் மேல் பாதி இல்லாமல் நின்ற பாலத்தில் கார் ஏறி விழுந்து மூன்று பேர் மாண்டார்கள். செல்போன் படத்தை நம்பிச் சென்றதாகச் செய்தி வந்தது. ஆகவே பகல் வழி வேறு, இரவு வழி வேறு, மழைக்கால வழி வேறு என்று குறிக்கவேண்டும். அதைக் குறிக்கவேண்டியவர்கள் அந்த வழியில் போகும் பெண்களும் மாணவிகளுமே. அப்படிக் குறிக்கும்போதே, இங்கே விளக்கு வேண்டும் என்ற கோரிக்கையும் எழுதப்பட்டுவிடும்.

நாம் கேட்பது

நமது கோரிக்கைகள் எளியவை, நியாயமானவை.

1. இந்தியாவில் படம் வெளியிடும் கம்பெனிகள் எல்லாம் கார், மோட்டார் சைக்கிளோடு சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் தனித்தனியே வழி காட்டவேண்டும். நகரத்தோடு நிறுத்தாமல் கிராமம் வரை காட்டவேண்டும். தமிழில் காட்டவேண்டும்.

2. கிராம வரைபடங்களில் உள்ள வண்டிப்பாதை, நடைபாதை, வாய்க்கால் கரை விவரங்களைத் தமிழக சர்க்கார் பொதுப் படத்தில் ஏற்றக்கூடிய வகையில் இலவசமாக வெளியிடவேண்டும்.

3. ஆக்கிரமிக்கப்பட்ட பாதைகளை மீட்கவேண்டும். கண்மாய்க் கரைகளையும் வாய்க்கால் கரைகளையும் கிராமப்புற வேலைத் திட்டங்களின் கீழ் செம்மண் கிராவல் அடித்துச் சைக்கிள் போகும்படி செப்பனிடவேண்டும்.

4. 183-ஆம் எண் நெடுஞ்சாலையில் பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடங்களிலெல்லாம் விளக்கும், வேகத் தடுப்பும், சைக்கிளுக்குத் தனி ஓரப் பாதையும் அமைக்கவேண்டும்.

5. விலையில்லாச் சைக்கிள் பெறும் மாணவர் ஒவ்வொருவரும் பள்ளிக்கு வரும் வழியைப் பள்ளிக்கூடமே கேட்டுக் குறித்து, ஆபத்தான இடங்களின் பட்டியலைக் கலெக்டருக்கு அனுப்பவேண்டும். பிள்ளைகளின் பெயரும் விவரமும் எந்தக் கம்பெனிக்கும் போகக்கூடாது.

கோரிக்கை வைத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. வாலிபர் சங்கமும் மாணவர் சங்கமும் மாதர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூடினால் இந்த வேலையின் பாதியை நாமே முடித்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு சைக்கிள், ஒரு செல்போன், ஒரு நோட்டுப் புத்தகம். அவ்வளவுதான் மூலதனம்! தேவதானப்பட்டியில் புறப்பட்டு, மஞ்சளாற்று அணைப் பக்கம் ஒரு குழு, ஜி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு குழு, குள்ளப்புரம் பக்கம் ஒரு குழு என்று போகட்டும். ஒவ்வொரு பாதையிலும் ஓட்டிப் பார்த்து, தரை எப்படி, பாலம் உண்டா, வேலி அடித்தவர் யார் என்று குறித்துக்கொண்டு வரட்டும். வயலில் நிற்கும் மக்களைக் கேட்கட்டும். மாலையில் உட்கார்ந்து பொதுப் படத்தில் ஏற்றட்டும். வேலி அடித்தவரின் கணக்கு தாலுகா ஆபீஸுக்கு மனுவாகப் போகட்டும்.

எங்களுக்கு வாய்க்கால் கரையைக் காட்டிய அந்த அம்மாள் எந்தக் கம்பெனியிடமும் சம்பளம் வாங்கவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் லாரியில் அடிபட்டுச் சாகக்கூடாது என்று நினைத்தார், கை காட்டினார். இந்த நாட்டின் வழிகளெல்லாம் அப்படிப்பட்ட உழைப்பாளிகளின் கால்கள் போட்டவை. அந்த வழிகளைப் படத்தில் ஏற்றுவோம். பாதையாகச் செப்பனிடப் போராடுவோம். வேலி போட்டவனிடமிருந்து மீட்போம்.

கொடுத்த சைக்கிளுக்கு வழியும் கொடு என்று பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் குரல் எழுப்புவோம்!